சொந்தக் கட்டிடத்துக்கு நிதி: விருந்தில் தொடங்கலாமா?

கேள்வி: நான் வட கரோலினாவில் வசிக்கும் கணக்காளர். எங்கள் ஊரில் இருக்கும் ஒரு லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) உரிமை அமைப்பில் மூன்று வருடமாகப் பொருளாளராக இருக்கிறேன். சம்பளப் பாக்கி, வாடகை வீட்டுத் தகராறு, குடியுரிமை விண்ணப்பம், வாக்காளர் பதிவு என்று வேலைக்குக் குறைவில்லை. வருடச் செலவு 8 லட்சம் டாலர். பன்னிரண்டு வருடத்தில் நான்கு வாடகை இடம் மாறிவிட்டோம். இப்போது மூடிப்போன மரச்சாமான் கடை ஒன்று 14 லட்சத்துக்கு வருகிறது. சீரமைக்க இன்னொரு 10 லட்சம் ஆகும். செப்டம்பரில் பெரிய விருந்து வைத்து, 24 லட்சம் திரட்டப்போகிறோம் என்று அறிவிக்க நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது. பக்கத்திலிருக்கும் கோழி இறைச்சி ஆலை 4 லட்சம் தர முன்வந்திருக்கிறது, கூடத்துக்கு அவர்கள் பெயரை வைக்க வேண்டுமாம். அந்த ஆலைத் தொழிலாளர்கள் எங்களிடம் புகார் கொண்டுவருகிறவர்கள். குறைவதற்கு வங்கிக் கடன் வாங்கலாம் என்கிறார் இயக்குநர். நான் லத்தீனோ இல்லை, ஸ்பானிஷும் அரைகுறை. நான் போய்ப் பணம் கேட்பது சரியாக இருக்குமா?

பதில்:

அன்புள்ள பொருளாளருக்கு,

விருந்தைத் தள்ளிப்போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிய பாரம்பரிய மாதம். அந்த நேரத்தில் மேயர் வருவார், உள்ளூர் தொலைக்காட்சி வரும். குழுவுக்கு ஆசை வருவது இயல்புதான். ஆனால் நீங்கள் கணக்காளர், கணக்கைப் போட்டுப் பாருங்கள். 400 பேர், தலைக்கு 150 டாலர் என்றால் 60,000. சாப்பாடு, ஹால் வாடகை, மரியாச்சி என்ற மெக்சிகோ இசைக்குழு, ஒலிபெருக்கி எல்லாம் போக 30,000 மிஞ்சினால் பெரிய விஷயம். இலக்கில் அது நூற்றில் ஒன்றேகால் பங்கு. சரி, ஊரிலிருக்கும் எல்லோரிடமும் ஆளுக்கு 100 டாலர் கேட்கலாம் என்றால் 24,000 பேர் வேண்டும். உங்கள் நன்கொடையாளர் பட்டியலில் அதில் பத்தில் ஒரு பங்காவது இருக்குமா?

விருந்தால் பணம் வராதது கூடப் பரவாயில்லை. இலக்கை மேடையில் சொல்லிவிட்டால், மறுநாளிலிருந்து ஊரே உங்களிடம் வந்த பணத்தை எண்ண ஆரம்பித்துவிடும். இருபது வருடத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஓர் அமைப்பில் (பெயர் வேண்டாம்) கையில் பத்து சதவீதம்கூட இல்லாமல் காலி மனையில் விழா எடுத்தோம். பளபளக்கும் மண்வெட்டிகளோடு ஏழு பேர் வரிசையாக நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். 'விரைவில் உங்கள் சமூகக் கூடம்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை நட்டோம். ஐந்து கோடை வெயிலில் அந்தச் சிவப்பு வெளிறி ரோஜா நிறமானது. பலகை மட்டும் அப்படியே நின்றது. மூன்றாவது வருடம் புதிதாக ஒருவரிடம் பணம் கேட்கப் போனேன். "முன்னாடி கொடுத்த ஐந்நூறு எங்கே?" என்று அவர் திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விழா நடத்தச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அறிவிக்கும் முன் சத்தமில்லாமல் பணம் கேட்கும் காலத்துக்கு, நிதி திரட்டும் எங்கள் தொழிலில் ஓசையில்லாத கட்டம் என்று பெயர். இலக்கில் அறுபது, எழுபது சதவீதத்துக்கு நன்கொடை வாக்குறுதி கையெழுத்தாகும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது. அதன் பிறகுதான் விருந்து, தொலைக்காட்சி, மேயர். அப்போது மேடையில் நீங்கள் சொல்லப்போவது "இவ்வளவு வேண்டும்" என்பதல்ல, "இவ்வளவு வந்துவிட்டது, இன்னும் இவ்வளவுதான் பாக்கி" என்பது. ஜெயிக்கிற பக்கம் சேர எல்லோருக்கும் பிடிக்கும்.

அதற்கு முன் இலக்கையே திருத்த வேண்டும். 24 லட்சத்தில் என்னென்ன விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். கட்டிடக்கலைஞர் கட்டணம், அனுமதிச் செலவு, பழைய கட்டிடத்தில் சுவரைத் திறந்ததும் வந்து நிற்கும் எதிர்பாராத செலவு, நிதி திரட்டும் வேலைக்கே ஆகும் செலவு, குடிபோன பிறகு கூரையும் ஏசியும் பழுதானால் எடுக்க ஒரு கையிருப்பு. எல்லாம் சேர்த்தால் 30 லட்சத்தை ஒட்டி வரும். குறைந்த தொகையை அறிவித்துவிட்டு நடுவில் கூட்டுவதைவிட, முதலிலேயே உண்மைத் தொகையைச் சொல்வது நல்லது.

30 லட்சம் எப்படி வரும்? பெரும்பாலும் ஒரு கூம்பு வடிவத்தில் வரும். உச்சியில் 6 லட்சம் தரும் ஒருவர். 3 லட்சம் தர இருவர். ஒன்றரை லட்சம் நால்வர். 50,000 எட்டுப் பேர். 25,000 பதினைந்து பேர். 10,000 இருபது பேர். கூட்டினால் ஐம்பது பேரிடமிருந்து 27 லட்சத்து 75 ஆயிரம். மிச்சமிருக்கும் இரண்டேகால் லட்சம்தான் ஊர் முழுவதிடமிருந்தும் வர வேண்டியது. முதல் பெரிய தொகை இலக்கில் ஆறில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ இல்லையென்றால் மேலே போவது கஷ்டம். நம் ஆட்களுக்குத் தெரிந்த உதாரணம் ஹார்வர்ட் தமிழ் இருக்கை. இலக்கு 60 லட்சம் டாலர். இரண்டு மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் வைத்ததில்தான் அது தொடங்கியது. தமிழக அரசின் 10 கோடி ரூபாயும் உலகம் முழுவதிலிருந்து வந்த சின்னத் தொகைகளும் பின்னால் வந்தன. முன்னால் அந்த இரண்டு பேர் இல்லையென்றால் பின்னால் வந்தவர்களும் வந்திருக்க மாட்டார்கள்.

அந்த ஐம்பது பேருக்காக நூற்றைம்பது, இருநூறு பெயர்களைப் பட்டியலிட வேண்டியிருக்கும், ஏனென்றால் மூன்று நான்கு பேரைக் கேட்டால் ஒருவர்தான் சரி என்பார். பெயர்களை முதலில் அமைப்புக்கு உள்ளேயே தேடுங்கள். நிர்வாகக் குழுவில் ஒருவர் விடாமல் அத்தனை பேரும் கொடுத்திருக்க வேண்டும். தொகை அவரவர் வசதிப்படி இருக்கட்டும், 200 டாலர் என்றாலும் சரி. வெளியாள் கேட்கும் முதல் கேள்வியே "உங்கள் குழுவில் எத்தனை பேர் கொடுத்திருக்கிறார்கள்?" என்பதுதான். நூற்றுக்கு நூறு என்று சொல்ல முடியாதவர்கள் அடுத்த கதவைத் தட்டக் கூடாது.

அப்புறம் ஊரில் பாருங்கள். 2020 கணக்கெடுப்பில் உங்கள் மாநிலத்தில் லத்தீனோக்கள் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். கோழி ஆலைக்கும் கட்டிட வேலைக்கும் வந்த முதல் தலைமுறையில் சிலர் இன்று கூரை போடும் கம்பெனி, மளிகைக் கடை, உணவகம் என்று முதலாளிகள். ஆங்கிலத்தில் நடக்கும் நன்கொடை விருந்துகளுக்கு யாரும் அவர்களைக் கூப்பிடுவதில்லை. அதனால் அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. இந்தச் சமூகத்துக்கு ஒன்றைக் கட்டியெழுப்பத் தெரியும் என்பதற்கு உங்கள் மாநிலமே சாட்சி. சம்பளத்தை ரொக்கமாகவே கையில் வைத்திருந்த குடியேறிகளைக் குறிவைத்து வழிப்பறி நடந்துகொண்டிருந்த காலத்தில், 2000-ல், டர்ஹாமில் ஒரு லத்தீனோ கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது.

பெரிய அறக்கட்டளைகளை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். அமெரிக்க மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவருக்கு நெருக்கமாக லத்தீனோக்கள் இருந்தும், அறக்கட்டளைப் பணத்தில் அவர்களுக்கென்று போவது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. கட்டிடம் என்றால் பாதிப் பேர் வாசலிலேயே 'இல்லை' என்றுவிடுவார்கள். 'நீங்கள் இவ்வளவு திரட்டினால் நாங்கள் இவ்வளவு தருகிறோம்' என்று கட்டிட நிதிக்குச் சவால் மானியம் தருவதில் பேர்போன கிரெஸ்கே அறக்கட்டளைகூட அந்த வழியை எப்போதோ விட்டுவிட்டது. நகராட்சி வழியாக வரும் சமூக மேம்பாட்டு மானியம், அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர் மூலம் கேட்கும் திட்ட நிதி எல்லாம் உண்டு. வந்தால் நல்லது. ஆனால் அரசுப் பணம் வந்தால் கூலி விகிதம், தணிக்கை, கட்டிடத்தின் மேல் அரசுக்கு ஒரு பிடி எல்லாம் கூடவே வரும். அதே அரசை எதிர்த்துப் பேச வேண்டிய அமைப்பு நீங்கள். கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

நிதி திரட்ட ஆலோசகரை வைத்துக்கொள்வதானால், திரட்டும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று கேட்பவரை வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் தொழில் சங்கத்தின் நெறிமுறையே அதைத் தடுக்கிறது.

இப்போது அந்த இரண்டேகால் லட்சத்துக்கு வருகிறேன். தொகை சின்னது, ஆனால் உங்கள் அமைப்புக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது. இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், அவர்களிடமே எல்லாம் இருக்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எடுக்கும் கின்சியான்யேரா விழாவுக்குப் போயிருப்பீர்கள். கேக்குக்கு ஒரு பத்ரினோ (ஞானத்தந்தை), கிரீடத்துக்கு ஒரு மத்ரினா (ஞானத்தாய்), இசைக்கு இன்னொருவர், கடைசி பொம்மைக்கு வேறொருவர் என்று ஒவ்வொரு செலவையும் ஒவ்வொரு உறவு ஏற்றுக்கொள்ளும். நம்மூரில் உபயம் என்போமே, அதேதான். கதவுக்குப் பத்ரினோ, குழந்தைகள் அறையின் கம்பளத்துக்கு மத்ரினா என்று கேளுங்கள். விளக்கவே தேவையிருக்காது. தாந்தா என்றால் என்ன என்று உங்கள் வரவேற்பறையில் காத்திருக்கும் அம்மாக்களிடம் கேளுங்கள். மாதம் ஒருவர் எடுக்கும் சீட்டு. பத்துப் பேர் சேர்ந்து ஒரு தாந்தா நடத்தி, ஒரு தடவை எடுக்கும் தொகையை மட்டும் கட்டிடத்துக்கு விட்டுவிடுவார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலய வளாகத்தில் கெர்மேஸ் சந்தை போட்டு, சோளத் தோகையில் சுற்றி அவித்த தமாலே விற்பார்கள். மெக்சிகோவில் பிறந்த ஊருக்குத் தண்ணீர்க் குழாயும் சாலையும் போடப் பணம் அனுப்பிய ஊர்ச் சங்கங்கள் இவர்களுடையவை. ஒரு டாலருக்கு மத்திய, மாநில, நகர அரசுகள் ஆளுக்கொரு டாலர் சேர்த்த 'மூன்றுக்கு ஒன்று' திட்டம் அந்தச் சங்கங்களின் பணத்தை வைத்துத்தான் பல வருடம் ஓடியது. கொடுத்துப் பழகாத கூட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நம் கோயில்களில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி எழுதி, வெளிச்சம் பாதி அந்த எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இங்கே நேர்மாறான சிக்கல் வரும். கொடுப்பவர்களில் ஒரு பகுதிக்குத் தன் பெயர் சுவரில் இருக்கவே கூடாது. வீட்டில் யாராவது ஒருவருக்குக் குடியேற்றக் காகிதம் இல்லாமல் இருக்கலாம். பெயர் வேண்டுமா என்று தனியாக, தாய்மொழியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படம் எடுக்காதீர்கள். பெயருக்குப் பதிலாகச் சுவரில் பதித்த ஓட்டில் ஒரு பூவோ பறவையோ போதும். "என் பெயர் அரசுக்குப் போகுமா?" என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள். வருடாந்திர வரிப் படிவத்தில் நன்கொடையாளர் பெயர் கேட்கும் இணைப்பு பொதுவாக 5,000 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்களுக்குத்தான். பொது அறக்கொடை அமைப்புகளைப் பொறுத்தவரை அந்தப் பெயர்கள் பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை.

ஆலையின் 4 லட்சத்தைப் பற்றி உங்களுக்கே பதில் தெரியும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் புகார் விஷயத்தைக் கடிதத்தில் எழுதியிருக்க மாட்டீர்கள். வேண்டாம். கை வெட்டுப்பட்டு வரும் தொழிலாளி ஒருத்தி, தன் முதலாளியின் பெயர் எழுதிய வாசல் வழியாக உள்ளே வருவாளா? வந்தாலும் வாய் திறப்பாளா? நாளைக்கு அந்த ஆலையின்மேல் ஒரு வழக்கு என்றால், அந்தப் பெயருக்குக் கீழே மேசை போட்டு நிருபர்களைக் கூப்பிட முடியுமா? பெயர் இல்லாமல் தருகிறோம் என்றாலும் என் பதில் இதுதான். ஊர் சின்னது, யார் கொடுத்தார்கள் என்று ஆலையின் சாப்பாட்டு இடைவேளையில் முதலில் தெரிந்துவிடும்.

ஆனால் இதை ஆலைக்கு எதிரான முடிவாக எழுதாதீர்கள். அடுத்த கூட்டத்தில் நன்கொடை ஏற்புக் கொள்கை ஒன்றை இரண்டு பக்கத்தில் எழுதி நிறைவேற்றுங்கள். எங்களிடம் வருபவர்கள் யாரைப் பற்றிப் புகார் சொல்கிறார்களோ அவர்களிடமிருந்து வாங்குவதில்லை, அறைக்குப் பெயர் வைப்பதைக் குழு முழுதாகக் கூடித்தான் முடிவு செய்யும், இன்ன நிலையில் பெயரை நீக்கும் உரிமை எங்களுக்கு உண்டு. அப்புறம் இயக்குநர் ஆலை மேலாளரிடம் நேரில் போய், எங்கள் கொள்கை இடம் கொடுக்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வரலாம். மின்னஞ்சலில் வேண்டாம்.

கடன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாக்குறுதிகள் மூன்று முதல் ஐந்து வருடத்தில்தான் பணமாகும், ஒப்பந்தக்காரருக்கோ மாதா மாதம் கொடுக்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப, எழுதிக் கையெழுத்தான வாக்குறுதிகளைக் காட்டி வாங்கும் இடைக்காலக் கடன் நியாயமானது. இதற்கென்றே சமூக மேம்பாட்டு நிதி நிறுவனங்கள் இருக்கின்றன. இன்று யுனிடோஸ்-யுஎஸ் என்று பெயர் மாறியிருக்கும் தேசிய லத்தீனோ அமைப்பு தொடங்கிய ராசா டெவலப்மென்ட் ஃபண்ட் அவற்றில் ஒன்று. உங்கள் கடன் சங்கத்தையும் கேளுங்கள். ஆனால் திரட்ட முடியாமல் போன பணத்துக்குப் பதிலாக வாங்கும் கடன் வேறு. அதன் தவணை, சம்பளப் பாக்கி வழக்கு நடத்தும் ஊழியரின் சம்பளத்திலிருந்துதான் போகும்.

சிகாகோவின் பில்சன் பகுதியில் காசா அஸ்த்லான் என்று ஒரு சமூக மையம் இருந்தது. 1970-களிலிருந்து மெக்சிகோ வம்சாவளியினரின் வீடு மாதிரி. வெளிச்சுவர் முழுக்க ஓவியம். கடனில் சிக்கி 2013-ல் கட்டிடம் கைநழுவிப் போனது. 2017-ல் புதிதாக வாங்கியவர் அதைக் குடியிருப்பாக மாற்றும்போது ஓவியத்தின்மேல் சாம்பல் வண்ணம் அடித்துவிட்டார். ஊர் கொதித்தெழுந்த பிறகு, முதலில் வரைந்த ஓவியர் ரே பட்லானையே கூப்பிட்டுப் புது ஓவியம் வரைய வைத்தார்கள். சுவருக்கு ஓவியம் திரும்பியது, கட்டிடம் திரும்பவில்லை.

சியாட்டிலில் நடந்தது வேறு மாதிரி. 1972 அக்டோபரில் ரொபெர்த்தோ மயேஸ்தாஸும் நண்பர்களும் பூட்டிக் கிடந்த பீக்கன் ஹில் பள்ளிக்குள் நுழைந்து, கணப்பு இல்லாத அறைகளில் குளிரோடு குளிராக உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து நகரசபை இறங்கி வந்தது. வருடத்துக்கு ஒரு டாலர் வாடகையில் கட்டிடம் கிடைத்தது. எல் சென்த்ரோ தெ லா ராசா என்ற அந்த மையம் கட்டிடத்தை விலைக்கு வாங்கியது பல வருடம் கழித்துத்தான். 2016-ல் பக்கத்திலேயே 112 குறைந்த வாடகை வீடுகளையும் திறந்தார்கள். பூட்டை உடைக்கச் சொல்லவில்லை. நகராட்சியிடமோ பள்ளி நிர்வாகத்திடமோ சும்மா கிடக்கும் கட்டிடம் இருக்கிறதா, நீண்ட காலக் குத்தகைக்குத் தருவார்களா என்று ஒரு தடவை கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.

வரி விஷயம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், இரண்டு மட்டும் நினைவூட்டுகிறேன். 501(சி)(3), அதாவது வருமான வரி விலக்கு பெற்ற அறக்கொடை அமைப்பு, என்பதால் சொத்து வரி விலக்கு தானாக வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மாடியை வாடகைக்கு விட்டுத் தவணை கட்டலாம் என்று இயக்குநர் சொல்வார். கடனில் வாங்கிய கட்டிடத்தின் வாடகை வரிக்கு உட்படலாம். 85 சதவீதம் சொந்த நோக்கத்துக்கே பயன்பட்டால்தான் பயம் இல்லை. இன்னொன்றும் உண்டு: தேர்தல் நேரத்தில் வேட்பாளர் யாராவது கூடத்தைக் கேட்டால், எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே வாடகை.

கடைசியாக, நீங்கள் கேட்கப் போகலாமா என்பது. தாராளமாகப் போகலாம், தனியாக மட்டும் போகாதீர்கள். லத்தீனோ குழு உறுப்பினர் ஒருவர் கூட வரட்டும். கதையை அவர் சொல்லட்டும், எண்ணை நீங்கள் சொல்லுங்கள். பொருளாளர் வாயிலிருந்து வரும் எண்ணுக்கு ஒரு கனம் உண்டு. நீங்கள் முதலில் கொடுத்திருக்க வேண்டும், உங்களைக் கொஞ்சம் உறுத்துகிற அளவுக்கு.

கை நீட்டக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கூச்சம் எங்கே காட்டிக்கொடுக்கும் என்றால், எண்ணைச் சொன்ன அடுத்த நொடியில். என் முதல் சந்திப்பு ஓர் உணவக முதலாளியின் வீட்டுச் சமையலறை மேசையில். "50,000 தருவீர்களா என்று யோசித்துப் பார்க்க முடியுமா?" என்றேன். அவர் கரண்டியால் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. ஐந்து நொடி இருக்கும். தாங்க முடியாமல், "25 என்றாலும் பரவாயில்லை" என்றேன். கூட வந்த அம்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தார், அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. 25,000-க்குக் காசோலை வந்தது. அவர் யோசித்துக்கொண்டிருந்தது தொகையை அல்ல, எத்தனை தவணை என்பதை மட்டும்தான் என்று காருக்குத் திரும்பும்போது அந்த அம்மா சொன்னார். எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அடுத்த வார்த்தை அவர்களுடையது.

இந்த மாதம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மரச்சாமான் கடைக்காரரிடம் ஆறு மாத வாங்கும் உரிமை ஒன்றை (அதுவரை வேறு யாருக்கும் விற்கக் கூடாது) எழுதி வாங்கப் பாருங்கள், கொஞ்சம் முன்பணம் போனாலும் போகட்டும். ஊரில் இருபத்தைந்து பேரை நேரில் பார்த்து, பணம் கேட்காமல், "இந்தக் கட்டிடம் தேவையா, இதை எங்களால் நடத்த முடியும் என்று நம்புகிறீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். பத்துப் பேர் தயங்கினால் ஏன் என்று எழுதிக்கொள்ளுங்கள். செப்டம்பர் ஹாலுக்கு முன்பணம் கட்டிவிட்டீர்களா? திரும்பக் கிடைக்காது என்றால் அடுத்த வருடத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.